யாழ்ப்பாணத்து வானத்தில் ஒரு செய்மதி இணைப்பு: கணக்கிலிருந்து கூரை வரை

செய்மதித் தொடர்பு பழக வருகிற பிள்ளைகள் அனேகமாகக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி டிஷ் வாங்கவேணும் அண்ணா?" என்பதுதான். அதற்கு விடை இருக்கிறது, ஆனால் அது நான்காம் ஐந்தாம் படியில்தான் வரும். அதற்கு முன்னால் இணைப்பு எதற்கு, வானத்தில் எந்தப் பக்கம், மழையில் எவ்வளவு நேரம் அறுந்தால் பரவாயில்லை என்ற மூன்றுக்கும் விடை எழுதியாக வேண்டும். எழுதாமல் டிஷ் வாங்கிக் கூரையில் ஏற்றிவிட்டு, கார்த்திகை மழையில் தலையில் கைவைத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

உயர்தரத்தில் பௌதிகவியலும் கணிதமும் படித்த ஒருவருக்கு இந்தக் கட்டுரை போதும். ஒரு விஞ்ஞானக் கல்குலேட்டரும் ஒரு கொப்பியும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் எண்களை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இது கைக்குள் வரும்.

ஸ்டார்லிங்க்தான் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டதே, பெட்டியைத் திறந்து வைத்தால் அதுவே செய்மதியைத் தேடிக்கொள்கிறதே, பிறகு ஏன் இதெல்லாம் என்று கேட்பீர்கள். வீட்டுப் பாவனைக்கு அது நல்ல வழிதான். சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே ஓடுகிற செய்மதிகள் என்பதால் தாமதமும் குறைவு. ஆனால் தொலைக்காட்சி ஒளிபரப்பு, கப்பல்கள், வங்கிக் கிளைகளின் மாற்று இணைப்பு, இவ்வளவு வேகம் எப்போதும் கட்டாயம் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கிற இணைப்புகள் போன்றவற்றில் பெரும்பகுதி இன்னும் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிற புவிநிலைச் செய்மதிகளில்தான் நடக்கிறது. இந்தத் துறையில் வேலை செய்ய நினைத்தால் அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பழகியவருக்குத் தாழ்சுற்றுச் செய்மதிக் கணக்கும் விளங்கும், கூட்டல் கழித்தல் அதேதான். அந்த உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இலிருந்து தன் கடைசிக்காலம் வரை இலங்கையில்தான் வாழ்ந்தார். இந்தக் கணக்கு நமக்குப் புதிதாக வெளியிலிருந்து வந்த ஒன்றாக எனக்கு ஒருபோதும் பட்டதில்லை.

படி 1: தேவையை மணித்தியாலத்தில் எழுதுங்கள்

எத்தனை மெகாபிற் வேகம், போவதற்கு எவ்வளவு, வருவதற்கு எவ்வளவு என்று எழுதுவது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் விட்டுப்போவது கிடைப்பனவு, அதாவது ஆண்டில் எவ்வளவு நேரம் இணைப்பு இல்லாமல் இருந்தால் சமாளிக்கலாம் என்பது. இதைச் சதவீதமாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. ஆண்டில் 8,760 மணித்தியாலம். 99.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 44 மணித்தியாலம் இணைப்பு இராது. 99.9 என்றால் 9 மணித்தியாலம் இராது. 99.99 என்றால் 53 நிமிடம் மட்டும்தான் இராது.

நெடுந்தீவில் ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது, குறிகட்டுவானிலிருந்து படகு போனால்தான் ஆள் போகலாம், அங்கே இணைய இணைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 99.5 சதவீதம் என்று எடுத்தால் அந்த 44 மணித்தியாலமும் மாரி மழை நாட்களிலேயே விழும், படகு ஓடாமல் இருப்பதும் அனேகமாக அதே நாட்களில்தான். தீவே தனித்து நிற்கிற நேரத்தில் இணைப்பும் இல்லாமல் போகலாமா? இந்தக் கேள்வியை அங்கே வேலை செய்கிறவர்களிடம் நேரில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் மணித்தியாலம்தான் டிஷ்ஷின் அளவைத் தீர்மானிக்கப் போகிறது.

படி 2: வானத்தில் எங்கே

யாழ்ப்பாண நகரம் அகலக்கோடு 9.66 வடக்கு, நெடுங்கோடு 80.02 கிழக்கு. புவிநிலைச் செய்மதிகள் எல்லாம் நடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால், நம்மிடமிருந்து பார்க்க அவை கிழக்கு அடிவானத்தில் தொடங்கி, உச்சிக்குச் சற்றுத் தெற்காக மேலேறி, மேற்கு அடிவானத்தில் இறங்குகிற ஒரு வில்லாக இருக்கும். அந்த வில்லின் உச்சி நமக்கு 78 பாகைக்கும் மேலே. ஐரோப்பியப் பாடநூல்களில் டிஷ் எதிர்வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோலச் சாய்ந்திருக்கும் படங்களைக் கண்டிருப்பீர்கள், நமது டிஷ் கிட்டத்தட்ட வானத்தை அண்ணாந்து பார்க்கும். இந்த ஒரு வித்தியாசம் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும்.

உதாரணத்துக்கு நெடுங்கோடு 95 பாகை கிழக்கை எடுப்போம். எஸ்ஈஎஸ்-8, எஸ்ஈஎஸ்-12 ஆகிய செய்மதிகள் நிற்கிற இடம் அது. நெடுங்கோட்டு வித்தியாசம் 14.98 பாகை. முதலில் கோசைன் 9.66 ஐயும் கோசைன் 14.98 ஐயும் பெருக்குங்கள், 0.952 வரும். அதைக் கோசைனாகக் கொண்ட கோணம் 17.8 பாகை, அதன் சைன் 0.305. ஏற்றக்கோணம் என்பது அடிவானத்திலிருந்து செய்மதி எவ்வளவு உயர நிற்கிறது என்பது. அதன் தான்சன் 0.952 இலிருந்து 0.151 ஐக் கழித்து 0.305 ஆல் வகுத்தது. அந்த 0.151 என்பது பூமியின் ஆரை 6,378 ஐச் செய்மதிச் சுற்றுப்பாதையின் ஆரை 42,164 ஆல் வகுத்த எண், எல்லா ஊருக்கும் ஒன்றுதான். விடை 2.63, ஆகவே ஏற்றக்கோணம் 69 பாகை. திசைக்கோணத்துக்கு, அதாவது வடக்கிலிருந்து வலமாக எத்தனை பாகை என்பதற்கு, தான்சன் 14.98 ஐச் சைன் 9.66 ஆல் வகுத்தால் 1.59, அதன் கோணம் 58 பாகை. செய்மதி நமக்குக் கிழக்கே இருப்பதால் 180 இலிருந்து 58 ஐக் கழித்து 122 பாகை, அதாவது தென்கிழக்கு. மேற்கே உள்ள செய்மதி என்றால் 180 உடன் கூட்ட வேண்டும்.

இதே கணக்கை 83 பாகைக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்றக்கோணம் 78, திசைக்கோணம் 163 வந்தால் பிடித்துவிட்டீர்கள்.

இனி அந்த இடத்தில் தென்னையோ பனையோ தண்ணீர்த் தாங்கியோ மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைபேசிச் செயலிகள் உண்டு, ஆனால் நான் நம்புவது சூரியனை. சமஇரவு நாட்களை ஒட்டிச் சூரியனும் செய்மதி வில்லும் ஒரே பாதையில் வரும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் காலை 11 மணியளவில், யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்க, சூரியன் சரியாக அந்த 95 பாகைச் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகிற இடத்தில் போய் நில்லுங்கள். நிலத்தில் உங்கள் நிழல் வெட்டு வெட்டென்று விழுந்தால் வழி திறந்திருக்கிறது, ஓலை நிழல் ஆடினால் அந்த மரம் உங்கள் இணைப்பிலும் ஆடும். அதே நாட்களில் சில நிமிடம் இணைப்பு அறுவதும் வழமை, சூரியனின் இரைச்சல் டிஷ்ஷுக்குள் நேரே விழுவதால் வருவது அது. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

படி 3: பட்டையும் அனுமதியும்

பட்டை என்பது இணைப்பு ஓடுகிற மீடிறன் வரிசை. சி பட்டையில் மேலே அனுப்ப 6, கீழே வர 4 ஜிகாஹேர்ட்ஸ் அளவில். கேயூ பட்டையில் மேலே 14, கீழே 11 முதல் 12.75 வரை. சி பட்டையை மழை அதிகம் தொடாது, ஆனால் டிஷ் 2.4 மீற்றர், 3 மீற்றர் என்று பெரிதாகும். கேயூ பட்டையில் 1.2 மீற்றரில் வேலை முடியும், ஆனால் மழைக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டு மாடி, சிறிய அலுவலகம், தீவுப் பகுதி என்றால் நான் கேயூவைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன், அது சரிவராவிட்டால்தான் சி.

அனுப்புகிற நிலையம் எதற்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருவது அது. கருவி இறக்குமதிக்கும் அந்த அனுமதி தேவைப்படும். ஆகவே விண்ணப்பத்தை இந்தப் படியிலேயே தொடங்குங்கள், கடைசிக்கு வைத்தால் கருவி துறைமுகத்தில் நிற்கும்.

படி 4: இணைப்புக் கணக்கு

இதுதான் நடுத்தூண். பெயர் பெரிதாக இருந்தாலும் வீட்டு வரவு செலவுக் கணக்குத்தான்: இவ்வளவு வலு அனுப்பப்படுகிறது, வழியில் இவ்வளவு போகிறது, டிஷ் இவ்வளவு சேர்த்துத் தருகிறது, இரைச்சல் இவ்வளவு, மிச்சம் எவ்வளவு. எல்லாவற்றையும் டெசிபெல்லில் எழுதினால் பெருக்கல் கூட்டலாகிவிடும். 3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

செய்மதியிலிருந்து நமக்கு வருகிற பக்கத்தை முதலில் பார்ப்போம். செய்மதி யாழ்ப்பாணத்தை நோக்கி அனுப்புகிற வலு 50 டெசிபெல்-வாட் (ஒரு வாட்டை 0 ஆக வைத்து எண்ணுகிற டெசிபெல்) என்று வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணை நிறுவனம் தருகிற கற்றை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்தியாவை நோக்கி வீசுகிற கற்றைகளில் இலங்கை பல வேளைகளில் விளிம்பில் இருக்கும், யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற அளவும் காலியில் கிடைக்கிற அளவும் ஒன்றாக இராது. கொழும்புக்காரர் ஒருவர் போட்ட கணக்கை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

தூரம்: 69 பாகையில் பார்க்கும்போது செய்மதி 36,140 கிலோமீற்றர். வெளி இழப்பு என்பது 92.45 உடன், கிலோமீற்றரில் உள்ள தூரத்தின் மடக்கையை 20 ஆல் பெருக்கியதையும், ஜிகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனின் மடக்கையை 20 ஆல் பெருக்கியதையும் கூட்டியது. 12.5 ஜிகாஹேர்ட்ஸுக்கு 205.5 டெசிபெல் வரும்.

டிஷ்ஷின் நயம், அதாவது அது சேர்த்துத் தருவது: விட்டத்தைப் பையால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, வினைத்திறன் 0.65 ஆல் பெருக்கி, டெசிபெல்லுக்கு மாற்றுங்கள். 12.5 ஜிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 2.4 சென்ரிமீற்றர். 1.2 மீற்றர் டிஷ்ஷுக்கு 42 டெசிபெல் கிடைக்கும். இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: 50 இலிருந்து 205.5 ஐக் கழித்து 42 ஐக் கூட்டினால் மறை 113.5 டெசிபெல்-வாட். அதாவது ஒரு வாட்டை ஒரு இலட்சம் கோடி பங்காகப் பிரித்து அதில் நாலரைப் பங்கு. டிஷ்ஷின் வாயில் வந்து சேர்வது அவ்வளவுதான். அதைப் பிடித்துப் படமும் குரலும் ஆக்குகிறார்கள் என்பதை எத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு சிறிய வலுவைப் பிடிக்கும்போது இரைச்சலும் முக்கியம். டிஷ் வானத்திலிருந்தும் நிலத்திலிருந்தும் பிடிக்கிற இரைச்சல், டிஷ்ஷின் வாயில் அலையைப் பிடித்துப் பெருக்குகிற கருவியான எல்என்பியின் சொந்த இரைச்சல் எல்லாம் சேர்த்து 120 கெல்வின் என்று எடுப்போம், டெசிபெல்லில் 20.8. நயம் 42 இலிருந்து அதைக் கழித்தால் 21.2. இதைத்தான் ஜி/டி என்பார்கள், ஒரு தரைநிலையத்தின் தரத்தை ஒரே எண்ணில் சொல்வது இது. இனி வரவு செலவு: 50 கழித்தல் 205.5 கூட்டல் 21.2 கூட்டல் 228.6. கடைசி எண் போல்ட்ஸ்மன் மாறிலியிலிருந்து வருவது, எப்போதும் அதேதான். விடை 94.3. அலை 30 மெகா குறியீட்டு வேகம், அதாவது செக்கனுக்கு 3 கோடி குறியீடு, என்றால் அதற்கு 74.8 கழியும், மிச்சம் 19.5 டெசிபெல். வளிமண்டலம், சிறிய குறிதவறல் ஆகியவற்றுக்கு 1, பக்கத்துச் செய்மதிகளின் குறுக்கீட்டுக்கும் மேலே போகும் வழியின் இரைச்சலுக்கும் 2 கழியுங்கள். கையில் 16.5.

டிவிபி-எஸ்2 என்ற செய்மதி அனுப்பு முறையில் 8பிஎஸ்கே 3/4 க்கு (ஒரு குறியீட்டில் 3 பிற், அதில் நாலில் மூன்று பங்கு தரவு, மிச்சம் பிழை திருத்த) தேவை 7.9 டெசிபெல். ஆகவே நல்ல வெயில் நாளில் மேலதிகமாக இருப்பது 8.6 டெசிபெல். நல்ல எண் போலத்தான் தெரியும்.

படி 5: மழை

வருடம் முழுக்க வெயில் காய்கிற வறண்ட வலயம்தான் நம்முடையது, ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கொட்டுகிறபோது கொட்டித் தீர்க்கும். 2008 நவம்பர் நிஷாப் புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இணைப்புக்கு முக்கியமானது ஆண்டில் எவ்வளவு மழை பெய்தது என்பதல்ல, எவ்வளவு கடுமையாக ஒரு நேரத்தில் பெய்கிறது என்பதுதான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பி.837 பரிந்துரை உலக வரைபடமாகவே மழைவீதம் தருகிறது, பி.618 அதிலிருந்து இழப்பைக் கணக்கிடும் வழி. நமது பகுதிக்கு, ஆண்டின் 0.01 சதவீத நேரத்துக்கு மணிக்கு 90 மில்லிமீற்றர் என்று வைத்து நான் ஒரு கைக்கணக்குப் போட்டேன். 12 ஜிகாஹேர்ட்ஸில் 0.5 சதவீத நேரத்துக்கு 2 முதல் 3 டெசிபெல், 0.1 சதவீதத்துக்கு 6 அளவில், 0.01 சதவீதத்துக்கு 14 அளவில் இழப்பு வருகிறது. டிஷ் நிமிர்ந்து பார்ப்பது இங்கே நமக்கு உதவுகிறது: மழைப் படை 5 கிலோமீற்றர் உயரம் என்றால் 69 பாகையில் அதற்குள்ளே போகிற பாதை 5.4 கிலோமீற்றர்தான், 20 பாகையில் பார்க்கிற ஊர்களில் அது 14 கிலோமீற்றரைத் தாண்டும்.

சரி, 8.6 டெசிபெல் மேலதிகம் இருக்கிறது, ஆகவே 8.6 டெசிபெல் மழை வரை தாங்கும் என்று எழுதாதீர்கள். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் விழுகிற குழி இது. மழை இரண்டு தரம் அடிக்கும். முதலில் குறிகையைக் குறைக்கிறது, அதோடு மழைத்துளியே சூடான பொருள் என்பதால் இரைச்சலையும் கூட்டுகிறது. 3 டெசிபெல் மழை வந்தால் மழையின் சொந்த இரைச்சல் வெப்பநிலை 137 கெல்வின். நமது 120 ஏறக்குறைய 257 ஆகிவிடும், அது இன்னொரு 3 டெசிபெல்லுக்கு மேல். ஆக 3 டெசிபெல் மழை 6 டெசிபெல்லைத் தின்றுவிட்டது. நல்ல எல்என்பி போட்டவருக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் தொடக்க இரைச்சல் குறைய இருந்தால் ஏறுகிற மடங்கு பெரிது. இப்படிப் பார்த்தால் நமது 8.6 உண்மையில் தாங்குவது 5 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைந்த மழையைத்தான். கணக்கில் அது ஆண்டுக்கு 15 மணித்தியாலம் அறுவதற்குச் சமம்.

நெடுந்தீவு அலுவலகத்துக்கு அது கூட என்றால் இரண்டு வழி. டிஷ்ஷை 1.8 மீற்றர் ஆக்கினால் 3.5 டெசிபெல் கூடும், 15 மணித்தியாலம் ஏறக்குறைய 6 ஆகும். ஆனால் காற்றுப் பிடிக்கிற பரப்பு இரண்டேகால் மடங்கு, படகில் கொண்டுபோவதும் பாடு. மற்ற வழி, மழை வரும்போது பண்பேற்றத்தைத் தானாக இறக்குகிற, அதாவது ஒரு குறியீட்டில் ஏற்றுகிற தரவைக் குறைக்கிற மொடெம். கியூபிஎஸ்கே 1/2 க்கு (குறியீட்டுக்கு 2 பிற், பாதி தரவு) 1 டெசிபெல் போதும், அதாவது உடனே 7 டெசிபெல் கையில் சேருகிறது. அப்போது வேகம் பாதிக்கும் குறைவு, ஆனால் இணைப்பு முற்றாக அறுகிற நேரம் ஆண்டுக்கு 2, 3 மணித்தியாலத்துக்கு இறங்கிவிடும். கடும் மழையில் காணொளி பார்க்க முடியாது, செய்தி அனுப்பலாம், குரலில் கதைக்கலாம். நான் என்றால் இரண்டாவதைத்தான் தெரிவேன். நமது இணைப்பின் மறுமுனையான நடுநிலையத்தின் பக்கத்திலும் மழை பெய்யும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 6: மேலே அனுப்புகிற பக்கம்

இது குறுக்கமாக முடியும், ஏனென்றால் முறை அதேதான். பியூசி என்பது மேலே அனுப்புகிற அலையை மீடிறன் மாற்றிப் பெருக்கித் தருகிற கருவி. 2 வாட் பியூசி என்றால் 3 டெசிபெல்-வாட். 1.2 மீற்றர் டிஷ்ஷுக்கு 14.25 ஜிகாஹேர்ட்ஸில் நயம் 43.2, வழி இழப்பு 0.5, ஆக அனுப்புவது 45.7. வெளி இழப்பு 206.7. செய்மதியின் ஜி/டி 4 என்று வைத்தால், 45.7 கழித்தல் 206.7 கூட்டல் 4 கூட்டல் 228.6, விடை 71.6. 512 கிலோ குறியீட்டு வேகத்துக்கு 57.1 கழித்தால் 14.5 டெசிபெல். கியூபிஎஸ்கே 3/4 க்கு 4 போதும் என்பதால் இடம் தாராளமாக இருக்கிறது. மழைக்காக வலுவைக் கூட்டலாம் என்று பெரிய பியூசி வாங்க ஆசை வரும். ஆனால் சிறிய டிஷ்ஷில் கற்றை அகலமாக இருப்பதால், கூட்டுகிற வலு பக்கத்தில் 2, 3 பாகை தள்ளி நிற்கிற மற்றவரின் செய்மதியிலும் விழும். அதற்கு எல்லை உண்டு, செய்மதி நிறுவனம் சொல்கிற எல்லைக்குள் நில்லுங்கள்.

படி 7: நிற்க வைப்பது

1.2 மீற்றர் டிஷ்ஷில் மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று அடித்தால் ஏறக்குறைய 80 கிலோ பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். 150 என்றால் 180 கிலோவைத் தாண்டும். மாடிச் சுவர் விளிம்பில் நாலு ஆணி அடித்து மாட்டுகிற வேலை இதற்கு உதவாது. கொங்கிறீற்று அடியோடு நிற்கிற குழாய், அல்லது தட்டைக் கூரையில் பாரம் ஏற்றிய சட்டகம். குழாய் தூக்குநூலுக்குச் சரியாக நிற்க வேண்டும், சரிவாக நின்றால் பிறகு எந்தக் கோணமும் பொய்.

கடற்காற்றை எழுதாமல் விட முடியாது. தீவுப் பகுதியிலும் வடமராட்சிக் கரையிலும் சாதாரண நட்டும் போல்ட்டும் இரண்டு சோளகம் தாண்டாது. சூடான துத்தநாகம் தோய்த்த குழாய், 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு நட்டுகள், இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். சி பட்டைக்கு நடுவில் ஊட்டி (அலையைப் பிடிக்கிற, அனுப்புகிற வாய்) உள்ள டிஷ் வைத்தால் 78 பாகையில் அது சட்டிபோல நிமிர்ந்து கிடக்கும், மழைத் தண்ணீர் தேங்கும், அதற்குள் வேப்பஞ்சருகு ஊறும். அடிப்புள்ளியில் 8 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள்.

நில இணைப்பு, அதாவது எர்த், இங்கே கொஞ்சம் கஷ்டம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய மண்தான். கோலை அடித்தால் பல இடங்களில் சில அடியில் கல்லில் முட்டி நின்றுவிடும். அப்படி நின்றால் கோலை வெட்டிச் சமாளிக்காமல், செம்புப் பட்டியைப் படுக்கையாக மண்ணில் ஓடவிட்டு, ஈரம் நிற்கிற கிணற்றடிப் பக்கம் வரை கொண்டுபோங்கள். 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று மீற்றர் வைத்து அளந்து எழுதுங்கள், மாசி பங்குனி வறட்சியில் திரும்பவும் அளந்துபாருங்கள்.

மின்சாரத்துக்கு: மொடெமும் பியூசியும் சேர்ந்து 60 வாட் என்றால், 12 வோல்ட் 100 அம்பியர்-மணி ஈய பற்றறியைப் பாதிவரை மட்டும் பாவித்து 8, 9 மணித்தியாலம் ஓட்டலாம்.

படி 8: குறிபார்ப்பது

1.2 மீற்றர் டிஷ்ஷின் கற்றை 14 ஜிகாஹேர்ட்ஸில் 1.2 பாகை அகலம்தான். அதற்குள் செய்மதியைப் பிடிக்க வேண்டும்.

முதலில் ஏற்றக்கோணம். ஊட்டி பக்கத்தில் தள்ளியிருக்கிற வகை டிஷ் என்றால், டிஷ் பார்க்கிற திசையும் அதன் முகத்தின் சாய்வும் வேறு. தள்ளுகை 22 பாகை என்று தயாரித்தவர் சொன்னால், 69 பாகைச் செய்மதிக்கு முகம் 47 பாகையில் நிற்கும். தாங்கியில் உள்ள அளவுகோல் எதைக் காட்டுகிறது என்று கைநூலைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். பிறகு திசைக்கோணம். காந்தத் திசைகாட்டி உண்மை வடக்கிலிருந்து இங்கே 2 பாகை அளவில்தான் விலகும், ஆனால் பக்கத்தில் கொங்கிறீற்றுக் கம்பி இருந்தால் அது 20 பாகையும் பொய் சொல்லும். கட்டடத்திலிருந்து தள்ளி நின்று பாருங்கள். அல்லது சூரியன் 122 பாகையைத் தொடுகிற காலம் என்றால், அன்றைக்கு எத்தனை மணிக்கு அங்கே நிற்கும் என்று பார்த்துவைத்து, அந்த நிமிடத்தில் தூக்குநூலின் நிழலைக் கோடு கீறுங்கள், அதைவிட நல்ல கோடு கிடைக்காது.

நிமிர்ந்து பார்க்கிற டிஷ்ஷில் திசைக்கோணத்தை 2 பாகை திருப்பினாலும் வானத்தில் அது 0.7 பாகைதான் நகரும், ஏனென்றால் 69 இன் கோசைன் 0.36. ஏற்றக்கோணத்திலோ 1 பாகை என்றால் முழுதாக 1 பாகை. ஆகவே ஏற்றக்கோணத்தில் அரைப் பாகையாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் திசையை மெல்லத் துடைத்துக்கொண்டு போங்கள். மீற்றர் துள்ளியதும் சந்தோசப்பட்டு இறுக்கிவிடக் கூடாது. அது முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் இருக்கிற வலுக் குறைந்த பக்கக் கற்றையாக இருக்கலாம், வேறு செய்மதியாகவும் இருக்கலாம். அந்த அலையின் பெயரை மொடெமோ மீற்றரோ வாசித்துச் சொல்லட்டும். சரியானதுதான் என்றால், உச்சத்திலிருந்து இடப்பக்கம் 3 டெசிபெல் விழுகிற இடத்தில் குழாயில் பென்சில் கோடு ஒன்று, வலப்பக்கம் 3 டெசிபெல் விழுகிற இடத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். உச்சம் தட்டையாக இருப்பதால் உச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறதைவிட இரண்டு சரிவுக்கும் நடுவைக் கண்டுபிடிப்பது எப்போதும் துல்லியம். நட்டுகளை இறுக்கும்போது மீற்றரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், எதிரெதிராக ஒவ்வொரு கால் சுற்றாக இறுக்குங்கள்.

முனைவாக்கத் திருப்பம், அதாவது அலை அதிர்கிற தளத்துக்கு ஏற்ப ஊட்டியைத் திருப்புகிற கோணம், நம்மைப் போல நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பவர்களுக்குப் பெரிதாக வரும். 95 பாகைக்கு அது 57 பாகை, 83 பாகைக்கு 17. ஊட்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்கிறவர் டிஷ்ஷுக்கு முன்னால் நின்று பார்த்துச் சொல்கிறாரா, பின்னால் நின்றா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

படி 9: முதல் அனுப்புதலும் அதன் பிறகும்

அனுப்புமுன் செய்மதி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அவர்கள் சொல்கிற மீடிறனில், சொல்கிற வலுவில் மட்டும், வெறும் அலையொன்றை அனுப்புவீர்கள். அவர்கள் எதிர் முனைவாக்கத்தில் அது எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, "கொஞ்சம் திருப்புங்கள், இன்னும் கொஞ்சம், பின்னுக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். 30 டெசிபெல் அளவில் பிரிந்தால் நல்லது. அந்த எதிர்ப் பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் ஒளிபரப்போ வங்கிக் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் விடுகிற வரை நகராதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

கேபிளைப் பற்றி ஒரு கதை. தொழிலுக்கு வந்த புதிதில், வலிகாமத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நான் வைத்த இணைப்பு, கார்த்திகையில் மழை பெய்த நாளெல்லாம் அறுந்தது. மழை இழப்பு என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கிழமை போக்கினேன், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், பெரிய டிஷ்ஷுக்கு விலையும் கேட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் அறுந்த நேரங்களை மொடெமிலிருந்து எடுத்து மழை விட்ட நேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது: மழை பின்னேரம் நாலு மணிக்கு விட்டிருக்கிறது, இணைப்பு அடுத்தநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்திருக்கிறது. மேலே ஏறி எல்என்பியில் இருந்த எஃப் இணைப்பியைக் கழற்றினேன். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு கையில் விழுந்தது. ரேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தேன், ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே ஏந்தியிருக்கிறது. ஓட்டுக் கூரை வேய்வதுபோலக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், தன்னோடு ஒட்டிக்கொள்கிற இறப்பர் ரேப்பால், இழுத்து. கேபிள் இணைப்பிக்கு வருமுன் கீழே ஒரு வளையம் தொங்க வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிப் போகட்டும். நடுக்கம்பி முழுச் செம்பான கேபிளையே வாங்குங்கள், செம்பு பூசிய இரும்பில் பியூசிக்குப் போகிற மின் அழுத்தம் வழியிலேயே விழுந்துவிடும்.

மழை விட்டுச் சில நிமிடத்தில் இணைப்பு திரும்பினால் அது வானம். மணித்தியாலக் கணக்கில் திரும்பாவிட்டால் அது உங்கள் இணைப்பி.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் திசைக்கோணம், ஏற்றக்கோணம், திருப்பம், வெயில் நாளில் மொடெம் காட்டிய டெசிபெல், நில இணைப்பின் ஓம், திகதி ஆகியவற்றை எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை வருகிற அன்று மொடெமுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதுங்கள். மழையில் அது எவ்வளவு இறங்குகிறது, விட்டதும் எத்தனை நிமிடத்தில் பழைய இடத்துக்கு வருகிறது என்பதை ஐந்தாம் படியில் போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கொப்பியைத் திறந்து முதல் வரியிலிருந்து திரும்பப் போடுங்கள், ஏணியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.